ஆட்சேபத்தோடு கட்டியது

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று மகளிடம் கேட்டால், "அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாடி ஏற முடியாமல் நீ மகள் வீட்டுக்குப் போனாயே, அந்த லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஓடாத லிஃப்டுக்கு எதற்குப் பராமரிப்புக் கட்டணம் என்று நான் கட்டாமல் நிறுத்தினேன். "கட்டித் தொலைங்களேன்" என்று நீ அலுத்துக்கொண்டது காதிலேயே இருக்கிறது. லிஃப்டைச் சரிசெய்யலாமா என்று போன வாரம் குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. தரைத்தளத்துக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பாக்கி வைத்தவருக்கு ஓட்டில்லை என்று செயலாளர் நான் தூக்கிய கையை இறக்கச் சொல்லிவிட்டார். ஒரே ஓட்டில் தோற்றோம்.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

"கட்டாம இருந்தா நம்ம பக்கம்தான் சார் பலவீனம். ஆட்சேபத்தோட கட்டறேன்னு எழுதிக் குடுத்துக் கட்டிடுங்க. அப்புறம் கணக்கு கேளுங்க. தரலைன்னா நுகர்வோர் கோர்ட்டு இருக்கு" என்றார்.

அப்படியே கட்டினேன். இனி எனக்கு ஓட்டு உண்டு. அடுத்த கூட்டம் எப்போது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

நீ உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வரலாம் என்று, மாடிக்கு ஒன்றாக நம் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளைப் படிக்கட்டுத் திருப்பங்களில் போட்டு வைத்தேன். பொது இடத்தை ஆக்கிரமித்ததாகச் சங்கம் அபராதம் போட்டது. அதையும் ஆட்சேபத்தோடு கட்டிவிட்டேன்.

நாற்காலிகளை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

மேல் மாடியிலிருந்து,
உன் வீட்டுக்காரர்