திருத்தாதீர்கள் என்றார் டாக்டர்

2024 மார்ச் 6, புதன்

காலை ஏழே காலுக்கு பேக்டரி சங்கு ஊதியது. ஏழு பதினாறுக்கு என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட ஷூவோடு வாசலில் நிற்கிறார். ரிட்டையர் ஆகி ஏழு வருஷம். வேலையில் இருந்த காலத்தில் இந்த மனிதரை நாலு தடவை எழுப்ப வேண்டும்.

"நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"கவர்மெண்ட்."

"எனக்கு ஆர்டர் வரலையே" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

பத்து நிமிஷத்தில் கேட் காவலர் மோசஸ் போன் செய்தார். "டீச்சரம்மா, முத்துவேல் சார் இங்க இருக்காருங்க. உள்ள போற ஆளுகளை வரிசையா நிக்கச் சொல்றாருங்க." வெடிமருந்து பேக்டரிக்குள் தீப்பெட்டியோ லைட்டரோ போய்விடாமல் ஒவ்வொருவர் பையையும் தடவிப் பார்ப்பதுதான் முப்பத்து நாலு வருஷம் இவர் பார்த்த வேலை.

கூட்டி வரும்போது எதிர்வீட்டு கெஸியா, "சாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். "சுகர் கொஞ்சம் ஏறிப்போச்சு" என்றேன். சுகர் எவ்வளவு கௌரவமான வியாதி! அருவங்காட்டில் வீட்டுக்கு ஒருவரிடம் இருக்கிறது. யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

மார்ச் 11, திங்கள்

கோயம்புத்தூர் போய் வந்தோம். டாக்டர் இவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்ணையும் வலது பக்கமே அடுக்கிவிட்டு, "இந்தக் கடிகாரம் ரிப்பேருங்க டாக்டர்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

டிமென்ஷியா. மறதி நோய். சரியாகாதாம். மாத்திரை கொஞ்சம் மெதுவாக்குமாம். கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். முதல் வரி: 'திருத்தாதீர்கள். வாதாடாதீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.'

அருமை. முப்பத்தைந்து வருஷம் தமிழ் டீச்சர் நான். வகுப்பில் ஒரு ஒற்றுப்பிழையைச் சும்மா விட்டதில்லை. இப்போது ஒரு முழு ஆளைத் திருத்தாமல் விட வேண்டுமாம். தாளை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைத்தது. திருடியது நான்தானாம். அரிசியும் எனக்கே பிடிக்காத அரிசி. அதில் கொண்டு போயா ஒளிப்பேன்?

ஏப்ரல் 21, ஞாயிறு

குன்னூரில் என் தங்கை மகள் கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு பெண்கள் நின்றார்கள். பக்கத்தில், யாரும் கேட்காமலே, பாதுகாப்புச் சோதனைக்கு என் வீட்டுக்காரர்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் பதினைந்து பேரைத் தடவி முடித்திருந்தார். பதினாறாவது ஆள் மாப்பிள்ளையின் அப்பா. சட்டைப் பையிலிருந்து ஒரு லைட்டரும் அரை பாக்கெட் சிகரெட்டும் வெளியே வந்தன. அவர் புகையை விட்டுப் பத்து வருஷம் ஆனதாக அந்த நிமிஷம் வரை அவர் சம்சாரம் நம்பிக்கொண்டிருந்தாராம்.

"உள்ள நாலாயிரம் பேர் வேலை செய்யறாங்க. உங்களுக்கு அறிவில்லை?" என்று இவர் அதட்ட, நாதஸ்வரம்கூட நின்றுபோனது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சுகர்" என்றேன். அப்படி ஒரு சுகரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் சிரித்தேன். பிறகு வெளியே வர நேரமாயிற்று.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்றைக்கு வந்த போன்கள் ஆறு. வல்லாரை கொடு என்று ஒருவர். வெண்டைக்காய் என்று இன்னொருவர். குறுக்கெழுத்துப் போடச் சொல் என்று ஒரு மேதை. பையன் அருண்பிரசாத் பெங்களூரிலிருந்து, "அம்மா, நெட்ல நிறைய இருக்கு, லிங்க் அனுப்பறேன்" என்றான். லிங்க் வந்தது. பையன் வரவில்லை.

மே 11, சனி

நாத்தனார் கோகிலவாணி வியாழக்கிழமை திருப்பூரிலிருந்து வந்து இறங்கினாள். "அண்ணி, நீங்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு இருந்து அண்ணனைச் சரியா கவனிக்கலை. ஒரு வாரம் நான் பாத்துக்கறேன், பாருங்க."

பார்த்தேன்.

முதல் நாள் அண்ணன் தங்கையை "டாக்டரம்மா" என்றார். உருகிப்போனாள். இரண்டாம் நாள் அவள் கைப்பையைச் சோதனை போட்டு, போனைப் பறிமுதல் செய்து தண்ணீர்த் தொட்டிக்குள் பத்திரப்படுத்தினார். இன்று காலை பாத்ரூமுக்கு வழி தெரியாமல் அவள் பெட்டியைத் திறந்து–

எழுத வேண்டாம். பாவம், நல்ல பட்டுப்புடவைகள்.

மதிய பஸ்ஸில் போய்விட்டாள். ஒரு வாரத்தில் ஐந்து நாள் பாக்கி. ஆனால் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க அண்ணி தினமும்..." என்றாள். வந்ததற்கு அது போதும்.

ஜூன் 27, வியாழன்

புதிதாக ஒரு கேள்வி ஆரம்பித்திருக்கிறது. "எங்கம்மா எங்க?"

மாமியார் போய் இருபத்திரண்டு வருஷம். அதைச் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டீ கொடுத்தேன். குடித்தார். அரைமணி கழித்து, "எங்கம்மா எங்க?" மறுபடி சொன்னேன். மறுபடி, முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி, அதே அழுகை.

இன்று மட்டும் ஐந்து தடவை. பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. உண்மையை மட்டுமே பேசும் உத்தமி. சுகர் கணக்கில் வராது.

ஜூலை 17, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை மழை, எதிர்வீடு தெரியாத மஞ்சு. மூன்றாம் தடவை "எங்கம்மா எங்க?" என்றார். நான் கத்தினேன். "செத்துப்போயிட்டாங்க! செத்துப்போயிட்டாங்க! தினமும் எத்தனை வாட்டி நான் அவங்களைச் சாகடிக்கறது?"

நான் ஈரத்துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஸ்வெட்டர் நாற்காலியில். ஆள் இல்லை.

மோசஸ் ஷிப்ட் முடிந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கெஸியா தெருவையே எழுப்பினாள். எல்லோரும் எங்கே தேடினார்கள்? மருந்துக்கடை, கிளினிக், டீக்கடை பெஞ்சு. சுகர்க்காரர் மயங்கிக் கிடப்பார் என்று! நான் சொன்ன பொய்யை நம்பிய நல்ல ஜனங்கள். மஞ்சுக்குள் ஒருவர் எங்கேயோ நிற்காமல் நடந்துகொண்டிருப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருந்தால்தானே?

மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் நான் கும்பிடாத சாமியில்லை. மாமியாரையும் கும்பிட்டேன்.

ஒன்றரை மணிக்கு பேக்டரி கேட்டுக்கு போன் வந்தது, கேத்தி ஸ்டேஷனிலிருந்து. ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து போயிருக்கிறார். கேரட் தோட்டத்தில் வேலை செய்கிற தெய்வம்மா என்ற அம்மாள் பார்த்து, தன் கம்பளியைப் போர்த்தி, ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பையில் பழைய பேக்டரி கார்டு இருந்திருக்கிறது.

நாங்கள் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் சேறு. ஒரு ஷூ இல்லை.

"ஐயா நடுங்கிக்கிட்டே வந்தாருங்கம்மா. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்" என்றார் தெய்வம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாய் தவறிட்டாங்களாமே? யாரோ ஒரு டீச்சர் வந்து சொன்னாங்களாம். காரியத்துக்குப் போகணும்னு ஒரே அழுகை. எப்பங்க தவறினாங்க?"

வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷம் என்ற சரியான விடை நாக்கு நுனி வரை வந்தது.

"இன்னைக்குக் காலையிலதாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். நானும் அழுதேன். மாமியாருக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

ஜூலை 18, வியாழன்

பீரோவிலிருந்து துண்டுத்தாளை எடுத்து முழுதும் படித்தேன். இரண்டே பக்கம். நாலு மாசம் ஆகியிருக்கிறது எனக்கு. பாடத்தைப் படிக்காமல் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளை எத்தனை பேரை வெளியே நிற்க வைத்திருப்பேன்!

பிறகு கெஸியா வீட்டில் ஆரம்பித்துத் தெருக்கோடி வரை கதவு கதவாகப் போனேன். "சுகர் இல்லீங்க. மறதி நோய். தனியா நடந்து போனா நிறுத்தி எனக்கு ஒரு போன் போடுங்க." பதினோரு வீடு. ஏழாவது வீட்டுக்குப் பிறகு குரல் நடுங்கவில்லை.

கெஸியா சொன்னாள்: "எங்களுக்கு மார்ச்லயே தெரியுமுங்க டீச்சர். நீங்க சுகர்னீங்க, நாங்களும் சுகர்னே வெச்சுக்கிட்டோம்." அப்புறம் ஏன் மருந்துக்கடையில் தேடினாய் என்று கேட்டேன். "நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்களே!"

என்னே மரியாதை. ஆளே போனாலும் போகட்டும், டீச்சர் மனம் நோகக் கூடாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

"எங்கம்மா எங்க?"

"உங்கம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுங்க" என்றேன், துண்டுத்தாள் பாணியில். வேலை செய்யாது என்ற முழு நம்பிக்கையோடு.

சன்னல் பக்கம் திரும்பினார். "மொத வாட்டி மலை ரயில்ல வந்தோமுங்க. எனக்கு ஆறு வயசு. குகை வந்தா அம்மா என்ற கண்ணைப் பொத்திரும். எனக்குப் பயமே இல்லீங்க. அதுக்குத்தான் பயம். நான் பயந்த மாதிரி அது மடியில படுத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கேள்வி மறந்துபோயிற்று.

முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். இந்தக் குகை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

காலையில் கத்தினேன். மதியம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நவம்பர் 20, புதன்

பையன் வந்து நாலு நாள் இருந்தான். "ஒரு ஹோம் பார்க்கலாம்மா" என்று வந்தவன், அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்தபோது வேறு மாதிரி இருந்தான். காலை நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கம்மா என்ற அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். லிங்க்கைவிட உபயோகம்.

இன்று அங்கம்மா வந்ததும் நான் தனியாகக் குன்னூர் போய், ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, சூடாக ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். யாரும் என் பையைச் சோதிக்கவில்லை. போரடித்தது என்று சொன்னால் பொய். இரண்டு மணி நேரம் சொர்க்கம். குற்ற உணர்ச்சியைப் பார்சல் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

உள்ளே வரும்போது இவர் அங்கம்மாவிடம் பேசுவது கேட்டது. "என்ற சம்சாரம் டீச்சருங்க. வாயி ஜாஸ்தி. ஆனா அவ இல்லாட்டி இந்த ஊடு நிக்காதுங்க."

கதவுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் என்னய்யா குறைந்துபோயிருக்கும் உனக்கு?

உள்ளே போனேன். "வாங்க, யாரைப் பாக்கோணும்?" என்றார்.

2025 ஜனவரி 13, திங்கள்

உறைபனி. வாசல் புல்லெல்லாம் வெள்ளை.

பதினோரு மணிக்கு மேல்தெரு வேலாமணி பின்கதவைத் தட்டினாள். அதுவரை இரண்டு வார்த்தை பேசியதில்லை. உட்காரவில்லை. "ஒண்ணுமில்லீங்க டீச்சர், சும்மா வந்தேன். மாமனாருக்குக் கொஞ்சம் பிரஷர். நேத்து அடுப்புல செருப்பை வெச்சுப் பத்த வெச்சுட்டாருங்க. பனியில நனைஞ்சிருக்கும், காய வெச்சிருப்பாரு..." முந்தானையைச் சுருட்டியபடியே நின்றாள்.

"எத்தனை மாசமாங்க?" என்றேன்.

முகம் உடைந்துபோயிற்று. "ஒரு வருஷம் ஆச்சுங்க. அவர்கிட்டச் சொன்னா, என்ற அப்பனைப் பைத்தியம்கிறியான்னு கத்தறாரு. சரியாயிருமுங்களா டீச்சர்?"

"ஆகாதுங்க" என்றேன். "ஆனா பாத்துக்கலாம். உட்காருங்க."

கணப்புக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "அந்தப் பொண்ணு ஏன் அழுகுது?" என்றார்.

"குளுருதாமுங்க" என்றேன்.

எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இங்க உட்காரு கண்ணு. அக்கட்ட ஊதக்காத்து."

பன்னிரண்டரை வரை இருந்தாள். வியாழக்கிழமை மாமனாரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். கூடுதலாக ஒரு நாற்காலி கெஸியா வீட்டில் கேட்க வேண்டும்.