சாகு என்றால் போதும்

அக்கா,

நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியைச் சாய்த்தபடி "சாகா?" என்று கேட்டார். பக்கத்து இலை அம்மா கையைக் குறுக்கே வைத்து, "சாகு, சாகு" என்றார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். பந்தியில் பாதியில் எழக்கூடாது என்பார்கள். எழுந்து போய்க் கை கழுவிவிட்டேன்.

அப்போது நர்ஸிங் முடித்த கையோடு திருநெல்வேலியிலிருந்து அந்த மனநல ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வாங்க, போங்க என்பதற்குப் பன்னி, ஹோகி என்று இரண்டே கன்னட வார்த்தைகளோடு வார்டில் முழித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் ஜீவனஹள்ளிப் பக்கத்துத் தமிழ் பேசும் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்றதும் உங்களிடம் ஒட்டிக்கொண்டேன். "என்னா சிஸ்டர், இந்த இழுவை இழுக்கறே?" என்று என் பேச்சைக் கிண்டல் பண்ணுவீர்கள். சோறு தூக்கம் இல்லாமல் சுவரைப் பார்த்தபடி வந்து சேர்ந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு தேறியிருந்தீர்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம். அதற்கு எடுத்த மாம்பழ நிறப் புடவையை வார்டு முழுக்கக் காட்டியாயிற்று.

திங்கட்கிழமை மதியம் ஆயா லீவு. நான்தான் சோறு போட்டேன். பிரியத்தில் இன்னொரு கரண்டி வைக்கப் போனேன். தட்டை மறைத்துக்கொண்டு, "சாகும்மா, எனக்கு சாகு" என்றீர்கள். 'க'வைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னீர்கள். அந்த அழுத்தம் இந்த மரமண்டைக்கு எட்டவில்லை. சாவைப் பற்றி நோயாளி வாயைத் திறந்தால் உடனே எழுது என்று படித்து வந்தவள் நான். எழுதினேன். "சாக வேண்டும் என்கிறார், சாப்பாட்டை மறுக்கிறார்." பரீட்சையில் தேறிய மாதிரி ஒரு பெருமை வேறு.

டாக்டர் உங்களைக் கன்னடத்தில் கேட்டார். அப்படிச் சொல்லவே இல்லை என்றீர்கள். மறைக்கிறீர்கள் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு அனுப்புவதை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். வளையலைக் கழற்றி, புடவையையும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி கவுனை மாட்டி, எங்கள் மேஜைக்கு எதிர் அறையில் போட்டார்கள். "நான் என்னா பண்ணேன் சிஸ்டர்?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன்.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது. சனிக்கிழமை காலை ஹாஸ்டலில் சமையற்காரம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே "சாகா?" என்றார். திகைத்துப் போய்ப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு இன்னும் முழுதாக ஒரு நாள் இருந்தது, அக்கா. பெரிய சிஸ்டர் அறை வாசல் வரைக்கும் போனேன். வேலை நிரந்தரமாகாத நேரம், ஊரில் என் சம்பளத்தை நம்பி வீடு. என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு எனக்கு எந்த ட்யூட்டி என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பாவி.

ஞாயிற்றுக்கிழமை காலை ட்யூட்டி. ஒன்பதே காலுக்கு மணி கேட்டீர்கள். சொன்னேன். "தாலி ஏறியிருக்கும்" என்று கவுனில் கையைத் துடைத்து, சுவரைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினீர்கள். நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து மருந்து வாங்க வந்தபோது என்னைத் தேடிப் பிடித்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். வெற்றிலை பாக்கோடு ஒரு பச்சை ரவிக்கைத் துணியை என் கையில் வைத்தீர்கள்.

"நான் சாகணும்னு சொன்னேனாமே, எனக்கே ஞாபகம் இல்ல. நீ மட்டும் எழுதலேன்னா என்னா ஆயிருப்பேனோ. எனக்கே என்னை நம்ப முடியல கண்ணு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துணியை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் உங்கள் மகள் வந்து, நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று சொன்னாள். கடைசி வரைக்கும் வீட்டில் தனியாக இருக்கப் பயப்படுவீர்களாம். எங்கே நானே ஏதாவது பண்ணிக்குவேனோ என்பீர்களாம்.

இன்றைக்கு நோயாளி எதைச் சொன்னாலும், இதுதானே சொன்னீங்க என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்கு என்ன வந்தது. பச்சைத் துணி மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது. தைக்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

நீங்க சாகணும்னு சொல்லவே இல்லக்கா. வயிறு நிறைஞ்சிடுச்சு, போதும்னுதான் சொன்னீங்க.