கோஷா வண்டி

ஆவடி,
28-9-1943

சௌபாக்கியவதி வரலட்சுமிக்குத் தசரதன் ஆசீர்வாதம்.

நான் சுகம். மெஸ் சாப்பாட்டில் உப்புக்கு மட்டும் குறைவில்லை.

ஹெட் கிளார்க் வீட்டம்மாள் கொலுவுக்கு உன்னை அழைத்துவரச் சொன்னார்கள். என் சம்சாரம் கோஷா என்று சொல்லித் தப்பித்தேன். ஜமீன் வீட்டுப் பெண்கள் அன்னிய ஆண் கண்ணில் படாமல் திரைக்குள் இருப்பதற்கு அந்தப் பேர். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். கொஞ்ச நாள் கழனிப் பக்கம் போகாதே.

தசரதன்


வானகரம்,
2-10-1943

கணவர் அவர்களுக்கு வரலட்சுமியின் நமஸ்காரம்.

அத்தை சுகம். கடிதம் கிடைத்தது. ஆனால் நடவுக்கு ஆள் போதவில்லை, கழனியில் இறங்கினேன். நேற்று அந்த ஹெட் கிளார்க் வீட்டம்மாள் நாலு பக்கமும் திரை கட்டி வண்டியே அனுப்பிவிட்டார்கள். வண்டிக்காரர் வரப்பில் நின்று, "தசரதன் சார் ஊட்டு கோஷா அம்மாவ இட்டாரச் சொன்னாங்க. ஊடு எங்க கீது?" என்றார்.

முழங்கால் சேற்றில் நின்றபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "அந்தம்மா யாரையும் பாக்க மாட்டாங்க. நான் அவங்க ஊட்டு கூலிக்காரி" என்றேன்.

பக்கத்தில் நட்ட வடிவு சிரித்திருந்தால்கூடத் தேவலை. தலை நிமிராமல் நட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என்னைக் காட்ட உங்களுக்கு இவ்வளவு வெட்கமா?

வரலட்சுமி


ஆவடி,
5-10-1943

வரலட்சுமிக்கு,

வண்டிக்காரர் துலுக்கானம் என்னைத் தனியே அழைத்து, "நாத்து நட்டுகினு இருந்த அம்மா உங்க பேரைக் கேட்டதும் மூஞ்சிய மூடிகினாங்க சார். நான் யாராண்டயும் சொல்லல" என்றார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்து வருகிறேன். வீட்டிலேயே இரு, பேசிக்கொள்ளலாம்.

தசரதன்


வானகரம்,
7-10-1943

கணவர் அவர்களுக்கு,

பொழுது சாய்ந்து வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கழனியில் நடவு. வடிவு, ராஜம்மா எல்லோரும் இருப்பார்கள். பகலிலேயே வாருங்கள், துலுக்கானத்தையும் அழைத்துக்கொண்டு. வரப்பில் நின்று, அவர் காதில் விழ, என் பெண்சாதி இவள்தான் என்று சொல்லுங்கள். சொன்னால் கரையேறி வருகிறேன்.

இல்லாவிட்டால் அன்று கூலிக்காரி என்று நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

வரலட்சுமி