ஓய்வுக்கு ஏற்ற இடம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஊசி போட்ட பிறகு உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. மீதியை அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ இரண்டு நிமிஷத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இந்த முறை சிரிக்க எனக்கு விருப்பமில்லை.

போன வாரம் நீ அனுப்பிய பணிப்பட்டியலைப் பார்த்துவிட்டேன். இரண்டு இடத்தில் தேதி தவறு, ஓரிடத்தில் விமானத்தின் பதிவு எண் தவறு, திருத்தியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் என் மகளின் பெயர் இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை. அவள் உனக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை யோசித்துச் சொல் என்று பெரிய மனதோடு அவகாசம் கொடுத்தவன் நீதான்.

எட்டு வருடமாக உன் சரக்கு விமானக் கம்பெனியின் கையேடும், விமானப் போக்குவரத்து ஆய்வு அலுவலகத்துக்குப் போகும் கடிதங்களும் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகின்றன. அக்கா படித்தவள், அவள் எழுதினால் எடுப்பாக இருக்கும் என்பாய். எழுதுகிறவள் படிக்கவும் செய்வாள் என்பது உனக்குத் தோன்றவில்லை. உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. எட்டு வருடமும் நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அக்கா காசுக்குச் சண்டை போடுகிறாள் என்று உன் மனைவியிடம் சொல்லி முடித்துவிடுவாய். உன் வேன் ஓட்டுநருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக ஒரு விமானிக்குக் கொடுக்கப் பார்க்கிறாய். கேவலம்தான். ஆனால் என் கோபம் அதற்கில்லை. என் மகளே என்னை உட்காரவைத்து விளக்கினாள். இதுவரை அவள் பறந்தது இருநூற்றுப் பத்து மணி நேரம். ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் இல்லாமல் பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். உன் தீவுக்கு இரண்டு வருடம் கோழிக்குஞ்சுப் பெட்டி ஏற்றிக்கொண்டு போய்வந்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். நீ காசைச் சம்பளம்னு நினைக்கிறே, எனக்கு மணி நேரம்தாம்மா சம்பளம் என்றாள். முப்பது வருடமாகப் புள்ளியியல் படிக்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன். அவள் சொன்ன எண்களில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. உன் அத்தான் மருந்துக்கடையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், சொந்தத்துல ஒருத்தன் கூப்பிட்டுக் கொடுக்கிறான், இதுக்கு மேல என்ன யோசனை என்றார். நானும் சரியென்றுதான் இருந்தேன். உன் பட்டியல் வரும்வரை.

காலை ஐந்தரைக்கு வேலைக்கு வர வேண்டும். எட்டு மணிக்குள் தீவில் குஞ்சுகளை இறக்கியாக வேண்டும். மாலை ஐந்துக்கு மீன் பெட்டிகளை ஏற்றத் தொடங்கி, திரும்பி வந்து, ஒப்படைத்து, எட்டு மணிக்கு வேலை முடியும். வாரத்துக்கு ஆறு நாள். பதினான்கரை மணி நேரம் என்று குழந்தைகூடக் கூட்டிச் சொல்லும். உன் பட்டியலில் அது ஐந்தரை மணி நேரம். நடுவில் உள்ள ஒன்பது மணி நேரத்துக்கு நேராக ஓய்வு என்று போட்டிருக்கிறாய். ஓய்வெடுக்கத் தகுந்த இடம் இருந்தால்தான் அந்த நேரத்தை வேலைக் கணக்கிலிருந்து கழிக்கலாம் என்பது விதி. கீழே ஒரு அடிக்குறிப்பு: கையேட்டில் கண்டபடி, தீவு நிலையத்தில் விமானிக்கு ஓய்வுக்கு ஏற்ற இடம் அளிக்கப்பட்டுள்ளது.

அந்த வாக்கியம் என்னுடையது. உனக்கு ஞாபகம் இருக்காது. நான் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ போன் செய்து, அக்கா, அதிகாரி வாயைத் திறக்காதபடி ஒரு வரி சொல்லேன் என்றாய். பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னேன். நீ அப்படியே எழுதிக்கொண்டாய். எந்த இடம், எப்படிப்பட்ட இடம் என்று நான் கேட்கவில்லை.

எட்டு வருடம் கழித்து, சனிக்கிழமை காலைப் படகில் ஏறிக் கேட்கப் போனேன். உன்னிடம் சொல்லாமல் போனது சொல்லாமல் போக வேண்டும் என்பதால்தான்.

தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே எடை மேடை, ஜெனரேட்டர், அடுக்கிய பெட்டிகள். ஒரு பலகை போன பெஞ்சு, அதிலும் மீன் பெட்டிக்கான கயிறு சுற்றி வைத்திருந்தது. வெளியே உன் விமானம். றெக்கைக்கு அடியில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல், காலணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். சட்டைத் தோளில் பட்டைகள் இருந்ததால்தான் விமானி என்று தெரிந்தது. அட்டையை இழுத்த தடம் மண்ணில் பதிந்திருந்தது. எடை போடும் பெண்ணிடம், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லைம்மா, அது நம்ம அரைத்தூக்கம் சார், நிழல் நகர நகர அவரும் நகருவார், காலைல றெக்கைக்கு அந்தப் பக்கம், மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம், அவர் படுத்திருக்கிற இடத்தைப் பார்த்தே நான் மணி சொல்லிடுவேன் என்றாள். ஓய்வறை எங்கே என்று கேட்டேன். நீங்க வேற, கழிவறைக்கே கால் மைல் நடந்து டீக்கடைக்குத்தான் போகணும் என்றாள். அவள் கெட்டிக்காரி, தம்பி. உன் கையேட்டை அவளிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கலாம்.

அவர் எழுந்ததும் என்னைக் குஞ்சு வாங்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அடுத்த மாதம் விலகுகிறாராம், மணி நேரம் சேர்ந்துவிட்டதாம். நல்ல பிள்ளை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. இத்தனை நேரம் வெயிலில் கிடந்துவிட்டு எப்படி ஓட்டுகிறீர்கள் என்றேன். போறப்போ ஒண்ணும் தெரியாதும்மா, திரும்புறப்போதான் கடல் ஒரே மாதிரியா இருக்கும், அதனால சத்தமா பாடிக்கிட்டே வருவேன், பாட்டு நின்னுச்சுன்னா தூங்கிட்டேன்னு எனக்கே தெரிஞ்சுடும் என்றார். எத்தனை முறை நின்றிருக்கிறது என்று கேட்டேன். அவர் காலணியை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

நீ சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். விமானியாக இருந்த காலத்தில் நானும் இப்படித்தானே வந்தேன் என்பாய். வந்தாய். கண்ணை மூடித் திறப்பதற்குள் தீவு பின்னால் போய்விட்டது, இருபது நிமிஷம் வெறும் கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தேன் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வாயே, அந்தக் கதையும் அப்போது நடந்ததுதான். குறட்டை விட்டுக் காட்டுவாய். கடைசி வரிசை வரை சிரிப்பார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் உன்னை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருக்கிறது. அன்றைக்கு எரிபொருள் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அந்தக் கதையைச் சொல்ல நீ இருந்திருக்க மாட்டாய். இத்தனை வருடத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லாதே. நடக்கவில்லை என்பதை ஆதாரமாகக் காட்டும் மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை.

தீவிலிருந்து திரும்பியதும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள், குறைந்தது முகமாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். தெரியும்மா, போன மாசமே போய்ப் பார்த்துட்டுதான் வந்தேன் என்றாள். உள்ளே போய் ஒரு சின்னப் பையை எடுத்துவந்தாள். காற்றடிக்கும் தலையணை. மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது என்று எனக்கு இரண்டு முறை மடித்துக் காட்டினாள். கடையில் விலை குறைத்துக் கொடுத்தார்களாம். இன்னும் யோசிக்கிறேன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருப்பவள், தலையணையை வாங்கி வைத்திருக்கிறாள். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். நான் உன் மேல் இவ்வளவு கோபப்படுவதற்கு அந்தத் தலையணை போதும். இருபத்து நான்கு வயதுப் பெண், வெயிலில் தரையில் படுக்க வேண்டியிருப்பதை ஒரு குறையாக நினைக்கவே தெரியாமல், தன் காசில் ஏற்பாடு செய்துகொள்கிறாள். அவளைப் போன்றவர்களை வைத்துத்தான் உன் கம்பெனி பறக்கிறது.

இத்துடன் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் அறை என்று இருக்கிறது. கதவு, கட்டில், மின்விசிறி, கழிவறை என்று தனித்தனியாக இருக்கிறது. அது கட்டி முடியும்வரை மாலை விமானத்தை வேறொருவர் ஓட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. இன்னொருவருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்பாய். அப்படியானால் மீன் படகில் வரட்டும், அது ஏற்கனவே செத்துப்போனது, அதற்கு அவசரம் இல்லை.

முதல் தேதிக்குள் நீ இதில் கையெழுத்துப் போடவில்லை என்றால், பழைய பக்கத்தை எடுத்துக்கொண்டு நானே ஆய்வு அலுவலகத்துக்குப் போவேன். இதை எழுதியவள் நான், இதில் உள்ளது பொய் என்று சொல்வேன். அதன் பிறகு உன் உரிமம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இந்த வேலை போய்விடும், வேறு எவரும் கூப்பிடப்போவதில்லை என்றும் தெரியும். என் வாய்ப்பைக் கெடுத்தவள் நீதான் என்று ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருப்பாள். அவள் என்னைப் போல, சொன்னால் செய்வாள். அதற்கும் தயாராக இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். தயாராக இல்லை. இருந்தாலும் போவேன்.

அவள் வெள்ளிக்கிழமை உன்னிடம் சம்மதம் சொல்லுவாள். நான் தடுக்கவில்லை. பறப்பது தவிர வேறொன்றும் அவளுக்கு வேண்டாம், அதை நான் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று இன்னொன்று சொன்னாள். வேலையில் சேர்ந்துவிட்டால் மற்றவர்களைப் போல உன்னை சார் என்றுதான் கூப்பிடுவாளாம், சலுகையில் வந்தவள் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். இது ஒன்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேசுகிறவர்கள் பேசட்டும். தீவிலிருந்து கிளம்பும் முன் தினமும் உனக்குப் போன் செய்து சொல்ல வேண்டுமாமே, அப்போது, மாமா, நான் கிளம்புறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா