எட்டாம் நம்பர் தோற்கணும் என்று உடைத்த தேங்காய்

என் பிரியத்துக்குரிய ஆறுமுகம் மச்சானுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்க வேண்டாம். நான்தான், செல்லையா. உங்கள் தங்கச்சியைக் கட்டியவன். இத்தனை வருஷமாக நீங்கள் பேப்பர் வாசிக்க, உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். இது யாரிடமோ சொல்லி எழுதச் சொன்ன கடிதம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் வந்தது. ஒரு பக்கம் முடிக்க இரண்டு நாள் ஆகிறது. ஆனால் என்ன, உங்களுக்கு அவசரமா, எனக்கு அவசரமா?

போன ஆடியில், கர்க்கடக மழையில், நீங்கள் கண்ணை மூடினீர்கள். பேப்பர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அதை மடித்து மடித்து அலமாரியில் வைத்தேன். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு சாலைக் கடைத்தெருப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதியோர் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் போய்ச் சின்னப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். ஹோட்டலில் நாற்பது வருஷம் தோசைக்கல் முன்னால் நின்ற காலுக்கு அந்தப் பெஞ்சு பெரிய தண்டனை. ஆனாலும் விடவில்லை. இப்போது மஞ்சள்தூள் பாக்கெட்டில் போட்டிருப்பதைக்கூட முழுசாக வாசித்த பிறகுதான் வாங்குகிறேன். கடைக்காரன் முகம் சுளிக்கிறான். உங்கள் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் பரீட்சையில் தோற்றேன், மச்சான். உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள் என்றாள் டீச்சர். பத்து வரியிலும் "ஞான்" என்றே எழுதியிருக்கிறேன். ஞான் கரமனையில் இருக்கிறேன். ஞான் தோசை மாஸ்டர். இந்த மலையாள ஊரில் பாதி நாள் அந்தப் பாஷையே பேசிப் பேசி, "நான்" என்பது கைக்கு வரவே இல்லை. டீச்சர் பத்து வரியையும் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, "தாத்தா, இது தமிழ்ப் பரீட்சையாக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது மட்டும் கரமனை ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இந்த வயதில், ஒன்றுக்கும் உதவாத ஒரு பரீட்சைக்கு இப்படி வலிக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் தடவை ஜயித்தேன். அதை விடுங்கள். நம்முடைய விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரி டீம் இந்த வருஷம் எப்படி ஆடியது என்று நீங்கள் கேட்காமல் இருப்பீர்களா? நீங்கள் அங்கே பியூனாக இருந்தபோது சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டு, பந்துக்குக் காற்றடித்து வளர்த்த டீம் ஆயிற்றே. வழக்கம்போல மதில் ஓரம் உட்கார்ந்துதான் பார்த்தேன். பக்கத்தில் தையல்கடை தங்கப்பன். கூடைப்பந்துச் சட்டையில் நம்பர் நாலில்தான் தொடங்கும், ஒன்று இரண்டு மூன்று யாருக்கும் கிடையாது, அது நம்ம மூன்று பேருக்கும் ஒதுக்கி வைத்தது என்று நீங்கள் சொல்வீர்களே. இப்போது ரெண்டும் மூணும் மட்டும் போய் உட்கார்கிறோம்.

முதல் நாலு ஆட்டமும் ஜயம். எட்டாம் நம்பர் வளையத்துக்குக் கீழே மரம் மாதிரி நின்றான். ஐந்தாம் நம்பர் குட்டையன் எதிராளியின் கக்கத்துக்குள் புகுந்து புறப்பட்டான். புதிதாக வந்த பதினொன்று பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டான். "கல்யாண வீட்டுல தாம்பூலத் தட்டு பிடிச்சிருக்க மாதிரில்லா நிக்கான்" என்று தங்கப்பன் பல்லைக் கடித்தான். எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே எப்போதும்போல அந்தக் கல்லூரிதான். அவர்களுடைய பன்னிரண்டாம் நம்பர் எட்டைவிட ஒரு சாண் உயரம்.

ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். விசில் ஊதப் போகிற நேரம். எட்டை யாரோ தள்ளிவிட, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கோப்பை. முதல் பந்து வளையத்தை ஒரு பிரதட்சிணம் வந்து வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. அவன் அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தையல்கடையில் விசாரணை. தங்கப்பன் காஜா எடுத்துக்கொண்டே போன வருஷத்துக் கதையைக் கிளறினான்.

"அண்ணாச்சி, போன கொல்லம் மேட மாசம் நீங்களும் உங்க மச்சானும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சீங்கல்லா. என்ன சொல்லி உடைச்சீங்க?"

"மச்சான்தான் சொன்னாரு. எட்டு தோக்கணும்னு."

"எதுல தோக்கணும்னு சொன்னாரா?"

நான் கீழே கிடந்த பட்டன் ஒன்றைப் பொறுக்கினேன்.

"பரீட்சைலன்னு சொன்னாரா, இல்லியா?"

"அது பிள்ளையாருக்குத் தெரியாதாடே?"

"எப்பிடித் தெரியும்? ஒரு நாளைக்கு எத்தன பேரு வாறான். உங்க ஆளு சும்மா தோக்கணும்னு மட்டும் சொல்லிருக்காரு. சாமி ரெண்டுலயும் தோக்க வச்சிட்டு. கேட்டதுக்கு மேலயே தந்திருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மச்சான். நாம் என்ன நினைத்து உடைத்தோம்? பையன் பரீட்சையில் ஜயித்தால் கல்லூரியை விட்டுப் போய்விடுவான், தோற்றால் இன்னொரு வருஷம் ஆடுவான், அவ்வளவுதான். அவன் கணக்கில் தோற்றான் என்று கேட்டதும் நீங்கள் எனக்கு டீ வாங்கித் தந்தீர்கள். "மாப்ளே, அடுத்த கொல்லம் கோப்ப நமக்குத்தான்" என்றீர்கள். நாம் இரண்டு பேரும் குதித்த குதிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது. உங்களுக்கு அப்போது ஒரு நிமிஷமாவது கூசியதா?

இந்த வருஷமும் அதே பயம்தான். நாலு பேர் கடைசி வருஷம் முடிக்கிறார்கள். எட்டும் போனால் மிஞ்சுவது ஐந்தும் பதினொன்றும். ஒருவன் குட்டை, ஒருவன் கஞ்சன். "வளையத்துக்குக் கீழ பின்ன யாரு நிக்கது? நீங்களா, நானா?" என்று தங்கப்பன் தினமும் கேட்டான்.

அந்தச் சமயத்தில்தான் எட்டே கடைக்கு வந்தான். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் முகத்தில் இன்னும் பூனை மீசைதான். ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். சாம்பல் நிறத்தில் பேன்ட் துணி.

"மாமா, இப்போ வெட்டண்டா. ரிசல்ட் வரட்டு. ஜயிச்சா தச்சா போதும்" என்றான்.

"அதுவரைக்கும் எதுக்குடே காத்திருக்கணும்?" என்று தங்கப்பன் கேட்டான்.

"பம்பாயில ஒரு கம்பெனி, அவங்க டீமுல ஆட எடுக்காங்க. டிகிரி வேணும். போன கொல்லமே கூப்பிட்டாங்க, தோத்துப் போனேன். இந்தத் தடவையும் தோத்தா பின்ன கூப்பிட மாட்டாங்க. அம்மைக்க முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்னு தெரியல."

ரிஜிஸ்டர் நம்பரை ஒரு சீட்டில் எழுதித் துணியில் குத்திவிட்டுப் போனான். போகும்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தான்.

போன வருஷமே கூப்பிட்டிருக்கிறார்கள், மச்சான். நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உடைத்திருப்போமா? எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கனவிலாவது வந்து சொல்லுங்கள்.

அவன் தெருவைத் தாண்டியதும் தங்கப்பன் என் பக்கம் திரும்பினான். "பாவம்தான். இருந்தாலும் டீமு இருக்கே அண்ணாச்சி. இந்தத் தடவ சாமிக்கு விவரமாட்டு எழுதிக் குடுத்துருவோம். பரீட்சைல தோக்கணும், கூடைப்பந்து களியில ஜயிக்கணும். பேரு வச்சு எழுதுங்க. தேங்காயோட சேத்து வச்சிரலாம்."

"நீயே எழுதேன்டே. பள்ளிக்கூடம் போனவன்லா."

அவன் கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றினான். "எனக்க மவளும் அங்கதான பரீட்ச எழுதிருக்கா. நான் என் கையால தோக்கணும்னு எழுதினா அது அவளுக்குத் திரும்பீராதா?"

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அவன் மகளுக்கு ஆகாதது அந்தப் பையனுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அவனிடம் கேட்கவில்லை. பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். நாலு வருஷமாகப் பார்க்கிறோம், நமக்கு அவன் பேர் தெரியாது. ரவீந்திரனாம்.

பென்சிலைப் பிடித்து "ரவீந்திரன்" என்று எழுதினேன். "பரீட்சையில்" என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. ஆற்றுப் பாலத்தில் நின்றது ஞாபகம் வந்தது. எனக்கு வேலையும் வேண்டாம், பம்பாயும் வேண்டாம், எனக்கே அப்படி இருந்ததே. "தோ" போட வேண்டிய இடத்தில் "ஜ" போட்டேன். ரவீந்திரன் பரீட்சையில் ஜயிக்கணும். டீமைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுத மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஒரே சீட்டில் இரண்டு கேட்டால் சாமிக்கு மறுபடியும் குழம்பிவிடுமோ என்று பயம்.

"வாசியுங்க அண்ணாச்சி, கேப்போம்" என்றான் தங்கப்பன். அவன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், ஒரு எழுத்து வாசிக்க மாட்டான்.

நான் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ரவீந்திரன் பரீட்சையில் தோற்கணும், களியில் ஜயிக்கணும்" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். குரல் நடுங்கவே இல்லை. எழுத்துப் படித்து நான் செய்த முதல் கள்ளத்தனம் இதுதான். நீங்கள் பேப்பர் வாசித்த காலத்தில் எனக்காக ஏதாவது மாற்றி வாசித்தது உண்டா, மச்சான்? இருந்தால் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் போடப் போகிறாளாம் டீச்சர். தங்கப்பனுக்கு யாராவது வாசித்துச் சொல்வார்கள். சொல்லட்டும்.

தேங்காய் உடைத்தோம். அதன் பிறகு பன்னிரண்டு நாள் எனக்கு நிம்மதி இல்லை. ஜயித்தால் டீம் போயிற்று. தோற்றால் அந்தப் பிள்ளை போயிற்று. எது நடந்தாலும் என் கையெழுத்து அதில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் தையல்கடைக்கு ஓட்டம். அந்தச் சாம்பல் துணி அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். அதைப் பார்க்காமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். "இப்படி எங்கே ஓடுறீங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்பாள் உங்கள் தங்கச்சி. அவளிடம் என்ன சொல்வது?

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பி.எஸ்ஸி. மட்டும். பேப்பரில் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசை வரிசையாக நம்பர். தங்கப்பன் விரலை வைத்து மேலிருந்து இறங்கினான். நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவன் விரல் வருவதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிட்டது. அவன் விரலும் வந்து அங்கே நின்றது. சீட்டை எடுத்து ஒத்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

ரவீந்திரன் ஜயித்துவிட்டான், மச்சான்.

தங்கப்பன் பேப்பரை மெதுவாக மடித்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பிள்ளையாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும்னுதான் நினைக்கேன்" என்றேன்.

அவன் எழுந்து துணியை உதறி மேசையில் விரித்தான். சாக்குக்கட்டியை எடுத்தான். "காலு நீளம் பாத்தீங்களா, இந்தத் துணி பத்துமான்னு தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே கோடு போட்டான். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினான். டீமுக்காகவா, பையனுக்காகவா என்று நான் கேட்கவில்லை. என் கண்ணும் சரியில்லை.

பாதி வெட்டினவன் கத்திரியை அப்படியே நிறுத்தினான்.

"எதிர்க் காலேஜுல அந்தப் பன்னிரண்டு என்ன படிக்கான்?"

"பி.காம்.னு கேள்வி. கடைசி கொல்லம்."

"பி.காம். ரிசல்ட் வரலியே?"

"அடுத்த வாரமாம்."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அவன் தோற்றால் இன்னொரு வருஷம் அங்கேயே நிற்பான். குட்டையனையும் கஞ்சனையும் வைத்துக்கொண்டு அவனை என்ன செய்வது?

"எடுங்க அண்ணாச்சி பென்சில. அந்தப் பயல் ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஜயிச்சு, டெல்லியிலயோ துபாயிலயோ நல்ல வேல கிடைச்சுப் போகணும். இதுக்கு நானும் எழுதுவேன், என் கையாலயே." அவன் மலையாளத்தில் ஒரு சீட்டு, நான் தமிழில் ஒரு சீட்டு. இரண்டு பாஷையிலும் இருக்கட்டும் என்றான். இன்றைக்குக் காலையில் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். அந்தப் பையன் பேர் விசாரிக்க மட்டும் இரண்டு பஸ் மாறிப் போனேன்.

மச்சான், ஒரு வாக்குத் தருகிறேன். எந்தப் பிள்ளையும் தோற்கணும் என்று இனி இந்தக் கையால் தேங்காய் உடைக்க மாட்டேன், உங்கள் கையால் உடைத்ததற்கும் சேர்த்து. அடுத்த வருஷம் டீம் எத்தனை ஆட்டம் தோற்றாலும் மதிலோரம் போய் உட்காருவேன். தோற்றதைத் தோற்றது என்றே உங்களுக்கு எழுதுவேன். அதுவரை எதிர் டீம் பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் படித்து, சீக்கிரம் ஜயித்து, தூரமாகப் போய் நல்லாயிருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி புருஷன்,
செல்லையா
கரமனை