கல்யாணக் கேசட்டில் மச்சான் குரல்

ஞாயிறு இரவு, ராஜபாளையம்.

காலையில் சுந்தரபாண்டியத்திலிருந்து அக்கா தன் கல்யாண வீடியோ கேசட்டோடு வந்தாள். மகள் காவேரியும் கூட வந்தாள். காவேரி கைக்குழந்தையாக இருந்தபோதே, ராணுவத்திலிருந்த மச்சான் இறந்துவிட்டார். அப்பா குரலை அவள் கேட்டதேயில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவைக்க, என் பழைய கம்ப்யூட்டரில் டிவி டியூனர் கார்டைப் பொருத்தி, வீடியோ டெக்கை இணைத்தேன். அதில் ஓடும் லினக்ஸ் அந்தக் கார்டை வேறு மாடல் என்று எடுத்துக்கொண்டது. திரையில் வெறும் புள்ளிகள். மாடல் எண்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன். மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகு படம் வந்தது. பந்தியில் நின்று மச்சான் ஏதோ பேசுகிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

"அவிய என்ன சொல்லுதாக?" என்றாள் அக்கா. எனக்கும் தெரியவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டு, "படம் வந்ததே போதும்லே, விடு" என்றாள்.

"போதாதுக்கா."

சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. பழைய ரேடியோ வயரை வெட்டி, ஈயத்தால் பற்றவைத்து, டெக்கிலிருந்து நேராக சவுண்ட் கார்டுக்குக் கொடுத்தேன். கேசட்டைப் பின்னால் ஓட்டினேன்.

"ஏலே, கடைசி இலைக்கு இன்னும் சோறு வரல பாரு."

அவ்வளவுதான் மச்சான் சொன்னது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். காவேரி, "மாமா, திரும்பப் போடுங்க" என்றாள். ஏழெட்டுத் தடவை போட்டேன். டேப் கீச்சிட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

இன்னும் எதையும் பதிவு செய்யவில்லை. இருவரையும் இங்கேயே தங்க வைத்துவிட்டேன். நாளை மில்லுக்கு லீவு. டெக்கைச் சுத்தம் செய்து, கேசட் முழுவதையும் பதிவு செய்யாமல் எழுந்திருக்கமாட்டேன்.

உள்ளறையில் காவேரி அந்தக் கடைசி இலைப் பேச்சை அப்பா மாதிரியே சொல்லிப் பார்க்கிறாள்.