பதினைந்து என்று எழுதிய கட்டம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். ஒரே ஆய்வகத்தில் கூடவே கிடந்தவனுக்கு இத்தனை நாள் என்ன கேடு என்று திட்டிக்கொண்டே படியுங்கள். பள்ளியில் பாடம் எடுக்கிறீர்களாமே. மகள் வளர்ந்திருப்பாள். நீங்கள் மாமியார் என்று பெயர் வைத்த குளிர்கலம் இன்னும் இருக்கிறது. எவ்வளவு ஹீலியம் ஊற்றினாலும் முகம் சுளிக்கிறது. ஆய்வகம் இப்போது என் பொறுப்பில். பழைய குறிப்பேடுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

நலம்தான். உன் கடிதத்தை மகள்தான் பிரித்தாள். "அம்மா, நீ அங்க என்னதான் பண்ணின?" என்றாள்.

"ஹைட்ரஜனை உறைய வைச்சு, அதுக்குள்ள தண்ணி மூலக்கூறுங்களைக் கொத்துக் கொத்தா சிக்க வைப்போம். அகச்சிவப்பு ஒளியை விட்டா, ஒவ்வொரு கொத்தும் அதை ஒவ்வொரு இடத்துல விழுங்கும், வரைபடத்துல அங்க ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை வைச்சு ஆளைக் கண்டுபிடிக்கலாம்."

"கண்டுபிடிச்சியா?"

"தம்பி கண்டுபிடிச்சான். எனக்குத்தான் வரலை."

உண்மைதானே. உன் கட்டுரையில் இருந்த அந்தப் புதுக் கோடு, இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு முறை செய்தும் எனக்கு வரவில்லை. "உங்க கை சரியில்லம்மா" என்றார் பேராசிரியர். பட்டத்தைப் பாதியில் விட்டு வந்தேன். இன்றைக்கும் அடுப்பை அணைத்தால் மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். மகள் சிரிக்கிறாள்.

என்ன விஷயம்? இழுக்காமல் சொல்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

உங்கள் கை சரியாகத்தான் இருந்தது.

அந்தப் புதுக் கோடு எனக்கு வந்த சனிக்கிழமை மதியம், ஹைட்ரஜனைப் பாரா வகையாக மாற்ற வினையூக்கி வைத்த குழாயில் அது உறைந்து அடைத்துக்கொண்டது. பதினைந்து கெல்வினில் இருக்க வேண்டிய குழாயை, அடைப்பு விடட்டும் என்று இருபத்தைந்துக்கு ஏற்றினேன். திரும்பக் குறைக்க மறந்தேன். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் முழுதாகப் பாராவாக மாறுமா? மாறாமல் தங்கியது தண்ணீரைச் சுற்றி மொய்த்துக்கொண்டு கோட்டை இடம் மாற்றிவிட்டது. புதுக் கொத்து என்று நான் குதித்தது அதைப் பார்த்துத்தான். குறிப்பேட்டிலோ எல்லாக் கட்டங்களையும், வழக்கம்போல, காலையிலேயே நிரப்பி வைத்திருந்தேன். பதினைந்து. நீங்கள் அதை நம்பி ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்தீர்கள். அதனால்தான் வரவில்லை.

இதோடு முடிந்தால் மறதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நீங்கள் இருபதாவது முறை செய்துகொண்டிருந்தபோது, வெப்பமானியின் பழைய வரைபடச் சுருளில் அந்தச் சனிக்கிழமையின் இருபத்தைந்தைப் பார்த்துவிட்டேன். எனக்கு வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. சுருளை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அன்று மதியம் உங்கள் சாப்பாட்டில் பாதியைத் தந்து, "சாப்பிடுடா, இண்டர்வியூல மயங்கி விழப்போற" என்றீர்கள். சாப்பிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. நேரில் வந்து காலில் விழவா?

தம்பி

ஜூலை 6

வராதே. நீ விழுந்தால் நான்தான் தூக்கிவிட வேண்டும். முதலில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறு. ஏன் என்று அச்சில் எழுது. பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அக்கா

அக்டோபர் 19

அக்கா,

திரும்பப் பெற்றுவிட்டேன். அறிவிப்பை இணைத்திருக்கிறேன். சுருளை மறைத்ததையும், உங்கள் நாற்பத்தொரு சோதனைகளும் சரி என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பேராசிரியர் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்" என்றார். நீங்கள் வந்தால் பட்டத்தை முடிக்க வழி இருக்கிறதாம். ஒரு வரி எழுதுங்கள் அக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி

அக்டோபர் 30

தம்பிக்கு,

அறிவிப்பை மகள் சத்தம் போட்டுப் படித்தாள். நின்றுகொண்டே கேட்டேன். பட்டத்தைப் பற்றி அலுவலகத்துக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

நேற்று அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான், திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. அப்படியே நடந்து போய்விட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா